செம்பனைக்குப் போராக்ஸ்: பத்து நீர் வாங்குவதா, ஐந்து நீர் வாங்குவதா?

போன வாரம் பக்கத்து நிலத்து அண்ணன் உரக்கடையில் நின்றுகொண்டே ஒரு மூட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "தம்பி, நாம எப்பவும் வாங்குறதைவிட இது கிலோவுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கம்மி. ரெண்டும் ஒன்னுதான்னு கடை முதலாளி தவுக்கே சொல்றாரு. வாங்கிடவா?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூட்டையில் போராக்ஸ் டெக்காஹைட்ரேட் (பத்து நீர்) என்று இருந்தது. நாங்கள் வழக்கமாகப் போடுவது பென்டாஹைட்ரேட் (ஐந்து நீர்), கடைகளில் போரேட் 48 என்று கேட்டால் கொடுப்பது. "இருங்கண்ணே, கணக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். மலேசியாவில் சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருக்கும் நம் ஆட்கள் நிறைய பேருக்கு இதே கேள்வி வருகிறது. (ஊர்ப் பெயர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, ஆனால் வீட்டில் யார் அப்படிச் சொல்கிறார்கள்?)

போராக்ஸ் போடுவது அதிலிருக்கும் போரான் சத்துக்காக, முதலில் அது எதற்கு என்று தெரிய வேண்டும். நைட்ரஜன், பொட்டாஷ் எல்லாம் மரம் கிலோ கணக்கில் சாப்பிடும், போரான் வருடத்துக்குச் சில கிராம்தான் வேண்டும். ஆனால் அந்தச் சில கிராம் இல்லையென்றால் குருத்திலேயே தெரிந்துவிடும். இலைநுனி கொக்கி மாதிரி வளையும், இலை சுருங்கும், மட்டை குட்டையாகி மீன்முள் மாதிரி ஆகிவிடும். அப்புறம் காய்ப்பிடிப்பும் குறையும். செம்பனையில் போரான் பழைய மட்டையிலிருந்து புது மட்டைக்கு நகர்ந்து போகாது, அதனால்தான் குறை எப்போதும் இளசில் தெரிகிறது. வளைந்துபோன மட்டை திரும்ப நிமிரவும் நிமிராது. இனி வரும் மட்டை நன்றாக வருகிறதா என்பதை மட்டும்தான் பார்க்க முடியும்.

எங்கள் பக்கத்து மண்ணுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு பக்கம் ராஜா மூசா காட்டை ஒட்டிய கரிச்சதுப்பு மண், இன்னொரு பக்கம் ஈயம் எடுக்கும் சுரங்கக் கப்பல் தோண்டிப் போட்டுவிட்டுப் போன மணல். இரண்டிலும் போரான் நிற்காது. காரணம் எளிது: எந்தப் போராக்ஸைப் போட்டாலும் அது மண்ணில் கரைந்து போரிக் அமிலமாக மாறுகிறது. போரிக் அமிலத்துக்கு மின்னேற்றம் வர பிஎச் (அமில, கார அளவு) 9-ஐத் தாண்ட வேண்டும், நம் மண்ணோ 4, 5-இல் இருக்கிறது. ஏற்றமில்லாத அந்த மூலக்கூறைப் பிடித்து வைத்துக்கொள்ள மணலில் ஒன்றும் இல்லை. நல்ல மழை நாலு பெய்தால் வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும்.

மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917-இல், இதே வட்டாரத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே நம் மொழி இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேல் இந்த மரத்தோடு வாழ்கிற ஊர் இது, உர மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, மூட்டைக்கு வருவோம். இரண்டும் ஒரே சோடியம் போரேட்தான், தவுக்கே சொன்னதில் அவ்வளவு உண்மை இருக்கிறது. வித்தியாசம் படிகத்துக்குள் அடைந்திருக்கும் தண்ணீரில். டெக்காஹைட்ரேட்டில் ஒரு மூலக்கூறு உப்புக்குப் பத்து மூலக்கூறு நீர், பென்டாஹைட்ரேட்டில் ஐந்து. (இன்னும் நுணுக்கமாகச் சொன்னால் பத்தில் எட்டுதான் தண்ணீராக இருக்கிறது, மீதி இரண்டு போரேட்டோடு சேர்ந்து ஹைட்ராக்சிலாக மாறிவிட்டது. ஐந்து நீரிலும் அந்த இரண்டு அப்படியே இருக்கிறது. அதனால் இரண்டிலும் இருக்கும் போரேட் ஒரே போரேட்தான், வேருக்கு வித்தியாசம் தெரியாது.) ஈரம் கையில் ஒட்டாது, பார்க்க இரண்டும் காய்ந்த வெள்ளைப் படிகம். ஆனால் பத்து நீர் போராக்ஸின் எடையில் 47 விழுக்காடு தண்ணீர். 25 கிலோ மூட்டையைத் தோளில் தூக்கினால் கிட்டத்தட்ட 12 கிலோ தண்ணீரைத் தூக்குகிறீர்கள். ஐந்து நீரில் 31 விழுக்காடு, அதாவது மூட்டைக்கு ஏழே முக்கால் கிலோ.

நமக்கு வேண்டியது போரான் மட்டும்தான். பத்து நீரில் 11.3 விழுக்காடு, ஐந்து நீரில் 14.8, நீரே இல்லாத போராக்ஸில் 21.5. இந்த மூன்று எண்ணையும் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை முடிந்தது. ஐந்து நீரின் விலை பத்து நீரைப்போல 1.31 மடங்கு வரை இருந்தாலும் நட்டமில்லை, அதற்குக் கீழே இருந்தால் ஐந்து நீர்தான் மலிவு. உதாரணத்துக்கு ஐந்து நீர் கிலோ 7 வெள்ளி, பத்து நீர் 6 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்து நீரில் போரான் கிராமுக்கு 5.3 சென் ஆகிறது, ஐந்து நீரில் 4.7 சென். கடையில் மலிவாகத் தெரிந்தது மரத்தடிக்கு வரும்போது விலை கூடிவிட்டது. எங்களுக்கு மூன்று ஏக்கரில் சுமார் 170 மரம். மரத்துக்கு 100 கிராம் ஐந்து நீர் என்றால் 17 கிலோ, அந்த விலைக்கு 119 வெள்ளி. அதே போரானைப் பத்து நீரில் கொடுக்க மரத்துக்கு 131 கிராம், மொத்தம் 22 கிலோவுக்கு மேல், 134 வெள்ளி.

பதினைந்து வெள்ளி வித்தியாசத்துக்கா இவ்வளவு என்று கேட்கலாம். பணத்தைவிட எனக்குக் கவலை வேறு. அண்ணன் அந்த மூட்டையை வாங்கியிருந்தால் 131 கிராம் போட்டிருக்க மாட்டார், வழக்கம்போல 100 கிராம்தான் போட்டிருப்பார். மரத்துக்குப் போக வேண்டிய போரானில் கிட்டத்தட்ட கால் பங்கு போயிருக்காது. அடுத்த வருடம் கொக்கி இலை வந்ததும், போரேட் போட்டும் பிரயோஜனம் இல்லை என்று சொல்லியிருப்பார். தவறு உரத்திலும் இல்லை, மரத்திலும் இல்லை. தண்ணீரையும் சேர்த்து எடை போட்டதில்தான்.

மூட்டையில் இருக்கும் எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு, இதில் நானே முதல் வருடம் குழம்பினேன். போரேட் 48 என்றால் 48 விழுக்காடு போரான் என்று நினைத்துவிடாதீர்கள். அது போரான் ஆக்சைடு கணக்கு. ஆக்சைடு எண்ணை 0.31-ஆல் பெருக்கினால்தான் போரான் வரும்: 48-ஐப் பெருக்கினால் 14.9, சரியாக ஐந்து நீர் போராக்ஸ். ஒரு கடையில் போரானாகச் சொல்வார்கள், இன்னொரு கடையில் ஆக்சைடாகச் சொல்வார்கள், இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒன்று மும்மடங்கு சக்தி உள்ளது மாதிரி தெரியும்.

போரான் கலந்த என்பிகே (தழை, மணி, சாம்பல் சத்து) மூட்டை வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். மூட்டையில் 0.5 என்று போட்டிருக்கிறது, நீங்கள் வருடத்துக்கு மரத்துக்கு 8 கிலோ போடுகிறீர்கள் என்று வையுங்கள். அந்த 0.5 ஆக்சைடு என்றால் மரத்துக்குக் கிடைப்பது 12 கிராம் போரான், அதாவது 84 கிராம் ஐந்து நீருக்குச் சமம், தனியாகப் போரேட் வாங்கவே தேவையில்லாமல் போகலாம். அதே 0.5 போரானாகவே இருந்தால் 40 கிராம், 270 கிராம் ஐந்து நீருக்குச் சமம், அதற்கு மேலே தனியாகவும் போட்டால் மரத்துக்கு நஞ்சு வைப்பது மாதிரி. போரானில் குறைவுக்கும் அதிகத்துக்கும் நடுவில் இருக்கும் இடம் ரொம்பக் குறுகல். செம்பனைக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு, மரத்தின் வயதையும் மண்ணையும் பொறுத்து, வருடத்துக்கு 50 முதல் 200 கிராம் போரேட். அந்தக் கோட்டுக்கு வெளியே போகிறவர்கள் முதலில் உச்சியிலிருந்து எண்ணினால் பதினேழாவதாக வரும் மட்டையின் இலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

விலைக்கு அடுத்து எல்லாரும் கேட்பது எது சீக்கிரம் கரையும் என்று. கடைக்காரர்களும் இதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். உண்மையில் மரத்தடியில் போடும் உரத்துக்கு இது பொருட்டே இல்லை. 25 பாகை வெப்பத்தில் பத்து நீர் போராக்ஸ் சுமார் 5.8 விழுக்காடு கரையும், 131 கிராமைக் கரைக்க இரண்டே கால் லிட்டர் தண்ணீர் போதும். 100 கிராம் ஐந்து நீருக்கும் கிட்டத்தட்ட அதேதான். மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தாலே 12 லிட்டருக்கு மேல் விழுகிறது. ஒரு சின்னத் தூறலில் இரண்டும் காணாமல் போய்விடும். கரைவது வேகமாக இருக்கிறதே என்று இங்கே சந்தோஷப்படவும் முடியாது, வேகமாகக் கரைந்தது வேகமாகவே கீழேயும் போகும்.

தொட்டியில் கரைத்துத் தெளிக்கிறவர்களுக்குத்தான் கரைதிறன் முக்கியம். நாற்றங்காலில், இளங்கன்றில் இலைவழியாகக் கொடுக்க வேண்டுமென்றால் போராக்ஸ் இரண்டுமே வேண்டாம், டைசோடியம் ஆக்டாபோரேட் டெட்ராஹைட்ரேட் என்று மாவு மாதிரி ஒன்று வருகிறது, அதை வாங்குங்கள். அதுவும் நீர் ஏறிய சோடியம் உப்புதான், ஆனால் போரான் 21 விழுக்காடு. 20 பாகையில் பத்து நீர் போராக்ஸ் 4.7 விழுக்காடு கரையும் இடத்தில் இது 10 விழுக்காடு வரை கரையும், ஸ்பிரே மூக்கும் அடைக்காது. நம் ஊர் பால்மர (ரப்பர் மர) பலகையில் நாற்காலி மேசை செய்கிறார்களே, அந்தப் பலகையைப் பூச்சி துளைக்காமல் இருக்க ஏற்றுவதும் இந்த வகைப் போரான் உப்புகள்தான். ஆனால் முப்பதடி உயர மரத்துக்கு யார் ஏறித் தெளிப்பது? வளர்ந்த தோட்டத்துக்கு இதை வாங்குவது வீண் செலவு.

நீரே இல்லாத போராக்ஸ் கணக்கில் அழகாக இருக்கும், போரான் 21.5 விழுக்காடு, தண்ணீருக்குக் காசு கொடுக்கவில்லை. ஆனால் அது உருக்கி எடுத்த கண்ணாடி மாதிரி, மெதுவாகக் கரையும், தண்ணீரை விரட்ட ஆன எரிசெலவும் விலையில் ஏறியிருக்கும். மரத்துக்கு 69 கிராம்தான் போட வேண்டும், அவ்வளவு குறைவான அளவைக் கையால் சமமாகத் தூவுவது கஷ்டம். கப்பலில் ஏற்றி இறக்குகிறவர்களுக்கும் கண்ணாடித் தொழிற்சாலைக்கும் அது லாபம், நமக்கு இல்லை.

உலெக்சைட்டைப் பற்றித்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சோடியத்தோடு கால்சியமும் சேர்ந்த போரேட், இதுவும் நீர் ஏறிய உப்பு. சுத்தமான கனிமத்தில் போரான் 13.3 விழுக்காடு, கடையில் வருவதில் அதைவிடக் குறைவு. எடைக்கு எடை பார்த்தால் ஐந்து நீரிடம் தோற்றுவிடும். ஆனால் அது மெதுவாகக் கரைகிறது, எங்கள் ஈயமணல் பக்கத்துக்கு அதுதானே வேண்டும்? களிமண் நிலம் வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஐந்து நீரே போதும். மணலிலும் கரிமண்ணிலும் ஐந்து நீரை ஒரே தடவையாகக் கொட்டாமல் வருடத்துக்கு இரண்டாகப் பிரித்து, அக்டோபர் நவம்பர் பெருமழையைத் தவிர்த்துப் போடுவது ஒரு வழி, உலெக்சைட் இன்னொரு வழி. இரண்டாவது தடவை வட்டம் சுற்ற ஆள்கூலி எவ்வளவு என்பதைப் பொறுத்து அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

வாங்கி வைப்பதிலும் இரண்டுக்கும் குணம் வேறு. பத்து நீர் போராக்ஸ் காய்ந்த காற்றில் தன் தண்ணீரை விட்டுவிடும், பளபளப்பு போய் மேலே வெள்ளைப் பொடி பூக்கும். 60 பாகைக்கு மேலே போனால் ஐந்து நீராகவே மாறிவிடும், 75 பாகையில் தன் தண்ணீரிலேயே தான் உருகும். ஐந்து நீர் இதற்கு நேர்மாறு: நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் தண்ணீரை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து நீராக மாறி, கல் மாதிரி இறுகும். எங்கள் வீட்டுப் பின்னால் தகரக் கூரை போட்ட ஸ்டோரில் பாதி மூட்டையை வாய் கட்டாமல் விட்டு, ஆறு மாதம் கழித்துப் பாராங் கத்தியின் முதுகால் தட்டி உடைத்திருக்கிறேன். இறுகியதால் போரான் எங்கும் போகவில்லை, தாராளமாக உடைத்துப் போடலாம், ஆனால் ஈரம் ஏறிய அளவுக்கு எடை கூடியிருக்கும், கொஞ்சம் சேர்த்துப் போடுங்கள். உள்பையை முறுக்கிக் கட்டி, சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்தால் இந்த வேலையே வராது. ஒரு வருடத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் இன்னும் நல்லது.

இப்போது அளவை. அப்பா தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேற்பார்ப்பவராக) இருந்தவர், உரம் என்றால் அவருக்குப் பால் டின் கணக்கு. ஓய்வு பெற்று இந்த நிலத்தை வாங்கிய புதிதில் இளங்கன்றுகளுக்கு மரத்துக்கு ஒரு டின் என்று போரேட்டையும் போட்டுவிட்டார். மூன்று மாதத்தில் இலை ஓரமெல்லாம் மஞ்சளாகி நுனி கருகியது. அப்புறம்தான் அந்த டின்னை நிறுத்துப் பார்த்தோம், தலைதட்டி அளந்தால் 300 கிராமுக்குக் கிட்ட வந்தது. கன்றுக்கு 50 கிராம் போதும். யூரியாவுக்குச் சரியாக இருந்த டின் இதற்கு ஆறு மடங்கு. அதில் நாலு கன்று தேறவே இல்லை, அந்த இடங்களை இன்றைக்கும் என்னால் காட்ட முடியும். அதிலிருந்து சின்ன மருந்து மூடி ஒன்றைத் தராசில் வைத்து நிறுத்து, கோடு கிழித்து வைத்திருக்கிறோம். மூட்டை மாறினால் கோடும் மாற வேண்டும், ஏனென்றால் பத்து நீர் ஐந்து நீரைவிட இலேசு, குருணையும் தூளும் ஒரே மூடியில் ஒரே எடை நிற்காது. போடும்போது குருத்திலோ மட்டைக் கவட்டிலோ கொட்டாமல் வட்டத்தில் பரவலாகத் தூவுங்கள், ஒரே இடத்தில் குவிந்தால் அங்கிருக்கும் வேர் வெந்துவிடும்.

அண்ணன் இன்னொன்றும் கேட்டார், வீட்டில் பத்தர் தாத்தா காலத்து வெங்காரம் ஒரு டப்பா இருக்கிறது, அதையும் மரத்துக்குப் போட்டுவிடலாமா என்று. வெங்காரம் என்பது இதே பத்து நீர் போராக்ஸ்தான். பத்தர் நகை பற்றவைக்கும்போது பார்த்திருப்பீர்கள், தீ பட்டதும் நுரைத்துப் பொரி மாதிரி உப்பும், அது தண்ணீர் வெளியேறுவது. அப்புறம் உருகிக் கண்ணாடியாகி, பொன்னின் மேல் இருக்கும் அழுக்கைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். மரத்துக்கும் போடலாம், தவறில்லை. ஆனால் நான் சொன்னது வேறு: அந்த டப்பா முதலில் சமையலறையை விட்டு வெளியே வரட்டும். உப்பு மாதிரியே இருக்கும், வாசனை இல்லை, பிள்ளைகள் வாயில் போட்டால் ஆபத்து. மீ நூடுல்ஸில் மொறுமொறுப்புக்காகச் சேர்த்த பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது, சட்டப்படி அது கூடாது. ஐரோப்பாவில் இதைக் கருவளத்துக்கும் வயிற்றுக் குழந்தைக்கும் தீங்கு செய்யக்கூடிய பொருளாக வகைப்படுத்தியிருக்கிறார்கள், அதனால் கர்ப்பமாக இருக்கும் பெண்களை உரம் போடக் கூப்பிடாதீர்கள், மற்றவர்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காலி மூட்டையை ஆட்டுக்கொட்டகைப் பக்கம் போடாதீர்கள், ஆடு நக்கும்.

அண்ணனுக்கு அன்று ராத்திரியே குரல் செய்தி அனுப்பிவிட்டேன்: ஐந்து நீரையே வாங்குங்கள், பத்து நீரை கிலோவுக்கு இரண்டு வெள்ளி குறைத்துக் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம், அப்படி வாங்கினால் மூடியில் கோட்டை மாற்றி 131 கிராமுக்குக் கிழித்துக்கொள்ளுங்கள் என்று. எங்கள் நிலத்தில் மணல் பக்கம் இரண்டு வரிசைக்கு மட்டும் இந்த மார்ச்சில் உலெக்சைட் போடப் போகிறேன், போரான் கணக்கு மற்ற வரிசைகளுக்குச் சமமாக வரும்படி எடையைக் கூட்டி. மாதத்துக்கு இரண்டு மட்டை வீதம் புதுசு வரும், வருடக் கடைசியில் இரண்டு பக்கத்துக் குருத்தையும் படம் எடுத்து வைக்கிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.